தராசுக்கு எடைக்கல் எது? காஸ்மிக் கதிர் உணர்கருவிகளும் கணினிப் பாவனையும்

வளிமண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதைந்துபோன ஓர் அணுக்கருவின் ஆற்றலையும் இனத்தையும், அதன் சிதறல்களில் தரைவரை வந்துசேர்ந்த சிலவற்றை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? 1930களின் இறுதியில் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ஓஜே, ஆல்ப்ஸ் மலையில் நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளிவிட்டு வைத்த எண்ணிகள் ஒரே கணத்தில் துடிப்பதைக் கண்டார். அவற்றைத் தொட்ட துகள்கள் அனைத்தும் ஒரே தாய்த்துகளின் வழித்தோன்றல்கள் என்றும், அத்தாய்த்துகளின் ஆற்றல் 10¹⁵ எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இருக்கவேண்டும் என்றும் அவர் மதிப்பிட்ட நாள்முதல் இந்தக் கேள்வி இயற்பியலாளர்களை விட்டு அகலவில்லை. விடைகள் பல வந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒரு தலைமுறைக்குப் போதுமானதாக இருந்து, பின்பு போதாததாக ஆகியிருக்கிறது.

சிக்கலின் மையம் எளிதாகச் சொல்லக்கூடியதுதான். கடையில் இருக்கும் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்க்க, நிறை தெரிந்த ஓர் எடைக்கல் வேண்டும். முடுக்கிகளில் இயங்கும் உணர்கருவிகளுக்கு அத்தகைய எடைக்கல் உண்டு: ஆற்றல் தெரிந்த துகள் கற்றையைச் செலுத்திக் கருவியின் விடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காஸ்மிக் கதிர் உணர்கருவிக்கு அது வாய்க்கவில்லை. ஆற்றல் தெரிந்த, இனம் தெரிந்த ஓர் அணுக்கருவை 10¹⁵ எலெக்ட்ரான் வோல்ட்டில் வளிமண்டலத்தின் உச்சிக்கு அனுப்பி, கீழே என்ன விழுகிறது என்று சோதிக்க எவராலும் இயலாது. ஆகவே எடைக்கல்லின் இடத்தில் கணினிப் பாவனை வைக்கப்படுகிறது. அதாவது, துகள்களின் மோதல், சிதைவு, சிதறல் ஆகியவற்றின் விதிகளைக் கணினிக்குக் கற்பித்து, தற்செயல் எண்களின் துணையோடு கற்பனையான ஒரு ‘பொழிவை’, அதாவது ஒரே தாய்த்துகளின் வழித்தோன்றல்கள் தரைநோக்கிப் பெய்வதை, நிகழ்த்திக் காட்டும் முறை. அந்த எடைக்கல்லின் நிறையை நிறுத்தது யார் என்பதே இத்துறையின் நீண்ட விவாதம்.

பாபாவின் சமன்பாடும் வில்சனின் உருளையும்

முதல் விடை பேனாவாலும் தாளாலும் எழுதப்பட்டது. 1937இல் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் சேர்ந்து, அதே ஆண்டில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் தனியே, அருவிப் பெருக்கக் கோட்பாட்டை முன்வைத்தனர். உயர் ஆற்றல் எலெக்ட்ரான் ஃபோட்டானை உமிழ்கிறது. ஃபோட்டான் எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகப் பிரிகிறது. அவை மீண்டும் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. காற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 37 கிராம் என்னும் தடிமனை அடிப்படை அலகாகக் கொண்டு நிகழும் இந்தப் பெருக்கம், துகளின் ஆற்றல் ஏறத்தாழ 85 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது ஓய்ந்து, பொழிவு தேயத் தொடங்குகிறது. 1950களில் நிஷிமுராவும் காமாத்தாவும் பொழிவின் மையத்திலிருந்து விலகிச் செல்லும்போது துகளடர்த்தி எவ்வாறு குறைகிறது என்பதற்கு ஒரு கோவையைத் தந்தனர்; கிரைசன் அதை எளிய வடிவில் எழுதினார். அந்தக் கோவை இன்றும் உலகின் பல உணர்கருவி அணிகளில் அன்றாடம் பயன்படுகிறது.

இந்த விடையின் வலிமை தெளிவு. குறை, அது சராசரியை மட்டுமே சொல்வது. ஒரே ஆற்றலுடைய இரண்டு புரோட்டான்களில் ஒன்று உயரத்திலேயே மோதலாம், மற்றொன்று ஆழமாக இறங்கி மோதலாம்; தரையில் அவற்றின் துகள் எண்ணிக்கை வெகுவாக வேறுபடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணிதத்தால் பிடிக்க முயன்றவர்களுள், பின்னாளில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 1950இல் அவரும் பாபாவும் அருவியில் துகள் எண்ணிக்கையின் விலக்கத்தைக் கணக்கிட வழி கண்டனர். ஆழமான பணிதான். ஆயினும் புரோட்டானும் இரும்பு அணுக்கருவும் தொடங்கிவைக்கும் பொழிவுகளில் பையான், மியூவான், நியூட்ரான் முதலிய துகள்கள் எல்லாம் கலந்து வருகின்றன. அந்தக் கலவையின் முழு ஏற்ற இறக்கத்தையும் சமன்பாடுகளால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது விடை அதே காலத்தில் வேறு திசையிலிருந்து வந்தது. 1952இல் ராபர்ட் வில்சன், காரீயத்தில் எழும் துகள் அருவியை ஆராய ஓர் உருளையைச் சுழற்றினார். உருளையின்மேல் வரைந்த வளைகோடுகளில் எது முன்னே வந்து நிற்கிறதோ அதைப் பார்த்து, அடுத்த சிறு தொலைவில் அந்த எலெக்ட்ரானோ ஃபோட்டானோ என்ன ஆகும் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு துகளுக்கும், ஒவ்வொரு படிக்கும், ஒரு சுழற்சி. மான்டே கார்லோ முறை எனப்படும் இந்தத் தற்செயல் கணக்கின் உயிர்நாடி, சராசரியைத் தேடாமல் ஒவ்வொரு பொழிவையும் தனித்தனியாக நிகழ விடுவதுதான். இன்றைய கணினிகளில் மாறியிருப்பது உருளையின் வேகம் மட்டுமே.

கோர்சிகா, மெலித்தல், கணக்கின் விலை

இன்று உலகில் பெரும்பாலான ஆய்வுக்குழுக்கள் கோர்சிகா என்னும் நிரலைப் பயன்படுத்துகின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் காஸ்கேட் என்ற உணர்கருவி அணிக்காக 1980களின் இறுதியில் எழுதத் தொடங்கப்பட்ட அது, 1998இல் வெளியான விரிவான ஆவணத்துக்குப் பிறகு ஏறக்குறைய பொதுமொழியாகிவிட்டது. இது ஒரு கூட்டுக் குடும்பம் போன்றது: எலெக்ட்ரான்களையும் ஃபோட்டான்களையும் ஒரு பகுதி கவனிக்கிறது, ஏறத்தாழ 80 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான அணுக்கரு மோதல்களை மற்றொரு பகுதி, அதற்கு மேற்பட்ட மோதல்களைக் கியூஜிஎஸ்ஜெட், சிபில், ஈபோஸ் என்னும் மாதிரிகளில் பயனர் தெரிவு செய்த ஒன்று. இந்தத் தெரிவில்தான் பின்னே வரும் தொல்லைகள் எல்லாம் பொதிந்திருக்கின்றன.

ஆற்றல் உயர உயரக் கணக்கின் விலையும் உயர்கிறது. 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட் பொழிவில் துகள்கள் பத்தாயிரம் கோடி அளவில் பெருகுவதால், ஒவ்வொன்றையும் பின்தொடர ஒரே செயலிக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் வேண்டும். பிரித்தானிய இயற்பியலாளர் மைக்கேல் ஹில்லாஸ் 1980களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய ‘மெலித்தல்’ இதற்கு மாற்றாக வந்தது: ஒரு வரம்புக்குக் கீழே ஆற்றல் இறங்கிய துகள்களில் ஒன்றை மட்டும் தற்செயலாகத் தேர்ந்து, மற்றவற்றின் பொறுப்பையும் அதன் தோளில் ஏற்றி, எடைபோட்டுக் கொண்டுசெல்வது. சராசரிக்கு இதனால் ஊறு இல்லை. ஆனால் மையத்திலிருந்து தொலைவில் நிற்கும் ஓர் உணர்கருவியில் உண்மையில் மூன்று துகள்கள் விழவேண்டிய இடத்தில், பாவனையில் ஒன்றும் விழாமலோ, ஆயிரத்தின் எடையுள்ள ஒரு துகள் விழுந்தோ போகலாம். எடையேறிய துகளை மீண்டும் பலவாகப் பிரித்துப் பரப்பும் முறைகள் பின்னர் வந்தன, அவையும் தோராயங்களே.

ஒரு தொட்டிக்குள் நிகழ்வது

பொழிவு தரையை அடைந்ததும் பாவனையின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. இதை விளக்க உதகமண்டலத்துக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 பொருத்தமான எடுத்துக்காட்டு. எட்டு மீட்டர் இடைவெளியில் அறுகோண ஒழுங்கில் பரவியிருக்கும் ஏறத்தாழ 400 தொட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஐந்து சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட சின்டிலேட்டர் உள்ளது; மின்னேற்றத் துகள் ஊடுருவும்போது மெல்லொளி விடும் பிளாஸ்டிக் அது. நேராக இறங்கும் ஒரு மியூவான் அதில் சுமார் பத்து மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை விட்டுச்செல்கிறது. அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றுகிறது. ‘ஒரு துகள்’ என்று இத்துறையினர் எண்ணும் அலகு இந்தத் துடிப்புதான்.

எண்ணிக்கை எளிதல்ல என்பது இங்கே தெரியவரும். பொழிவில் ஃபோட்டான்கள் எலெக்ட்ரான்களைவிடப் பல மடங்கு அதிகம். மின்னேற்றம் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை தொட்டியைச் சுவடின்றிக் கடந்துபோகின்றன. ஆனால் ஒரு சிறு பங்கு, மூடியின் உலோகத்திலோ பிளாஸ்டிக்குக்குள்ளேயோ இணையாகப் பிரிந்து ‘துகள்’ ஆகிவிடுகிறது. சாய்ந்து வரும் துகள் நீண்ட பாதையில் சென்று கூடுதல் ஒளி தருகிறது. பிளாஸ்டிக்கின் ஓரத்தில் எழும் ஒளி, நடுவில் எழும் ஒளியின் அளவுக்குக் குழாயைச் சென்றடைவதில்லை. தொட்டி பதித்த எண்ணுக்கும் உண்மையில் விழுந்த துகள்களின் எண்ணுக்கும் இடையிலான உறவை, பொருட்களின் வடிவமும் தடிமனும் கொடுத்தால் துகளின் பாதையைக் கணக்கிடும் ஜியாண்ட்-4 போன்ற நிரல்களே தருகின்றன. அந்த உறவு பொழிவின் மையத்திலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்தும் மாறுகிறது.

இருந்தபோதிலும் பாவனையின் இந்தப் பாதி நம்பத்தக்கது என்றே மதிப்பிடவேண்டும். காரணம், கருவிக்கு மேலே எப்போதும் மியூவான்கள் இலவசமாகப் பெய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தொட்டியின் ஒற்றைத்துகள் துடிப்பையும் நாள்தோறும் அளந்து பாவனையோடு ஒப்பிடலாம். பிழை இருந்தால் அது வெளிப்படும். எடைக்கல் அரிதான துறையில் இந்தப் படிக்கு எடைக்கல் உண்டு.

கருவியின் திறன் என்று சொல்லப்படுவனவற்றுள் தூண்டல் திறன் கூடுதல் கவனம் வேண்டுவது. குறைந்தது இத்தனை தொட்டிகள் இத்தனை நேரத்துக்குள் துடித்தால்தான் நிகழ்வு பதிவாகும் என்பது ஒவ்வோர் அணிக்கும் உள்ள விதி. குறைந்த ஆற்றலில் சில பொழிவுகள் இந்த வாயிலைத் தாண்டும், சில தாண்டா. ஒரே ஆற்றலில் இரும்பின் பொழிவு உயரத்திலேயே தேய்ந்துவிடுவதால், தாண்டும் வாய்ப்பு அதற்குப் புரோட்டானைவிடக் குறைவு. ஆகவே திறனைக் கணக்கிட, வானிலிருந்து வருவதில் புரோட்டான் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று முன்கூட்டியே எடுகோள் வேண்டும். ஆனால் அளக்கப் புறப்பட்டதே அதைத்தான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது: ஆற்றல் பத்து மடங்கு உயரும்போது அதற்கு மேற்பட்ட துகள்களின் வரவு சுமார் ஐம்பது மடங்கு குறைகிறது. எண்ணிக்கையில் மிகுந்த எளியவற்றுள் சில தற்செயலாகப் பெரிதாகத் தோன்றி, அரிதான வலியவற்றோடு கலந்துவிடுகின்றன. இந்தக் கலப்பைப் பின்னோக்கிப் பிரிக்கும் கணித முறைகள் வளர்ந்துள்ளன. எனினும் பிரித்தெடுத்த விடை, பிரிக்கப் பயன்பட்ட பாவனையைவிட நல்லதாக இருக்க முடியாது.

பாவனை வழிதவறிய இடங்கள்

இந்த ஐயங்கள் வெறும் தத்துவமல்ல என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

ஜப்பானின் அக்கேனோவில் நூறு சதுர கிலோமீட்டரில் 111 தொட்டிகளோடு இயங்கிய அகாசா அணி, 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் 11 நிகழ்வுகளை அறிவித்தது. 1966இல் கிரைசனும், தனியே சாட்செப்பினும் குஸ்மினும் கணித்திருந்தபடி, பிரபஞ்சத்தின் பின்புலக் கதிர்வீச்சோடு மோதி இத்துகள்கள் ஆற்றலை இழந்திருக்கவேண்டும். வரவு திடீரென வற்றியிருக்கவேண்டும். அமெரிக்காவின் ஹைரெஸ் தொலைநோக்கிகள் அந்த வற்றலைக் கண்டன, அகாசா காணவில்லை. புதிய இயற்பியல் வேண்டும் என்று எழுதப்பட்ட கட்டுரைகள் பல. வேறுபாடு, மையத்திலிருந்து 600 மீட்டரில் உள்ள துகளடர்த்தியை ஆற்றலாக மாற்ற அகாசா பாவனையை நம்பியிருந்ததோடு தொடர்புடையது என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. ஹைரெஸ் நைட்ரஜன் வெளியிடும் மெல்லொளியைப் பார்த்து, காற்றில் செலவான ஆற்றலையே ஏறக்குறைய நேரடியாக அளந்தது.

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் அமைந்த டெலஸ்கோப் அரே ஒரே இடத்தில் இரு முறைகளையும் வைத்திருப்பதால், இந்த இடைவெளி எண்ணாகவே வெளிவந்தது. அதன் 507 தரைத் தொட்டிகள் பாவனைவழி தரும் ஆற்றல், மெல்லொளித் தொலைநோக்கிகள் தரும் ஆற்றலைவிட 1.27 மடங்கு அதிகம். கருவியில் பழுதில்லை. பாவனை, தரையில் எதிர்பார்க்க வேண்டியதைவிடக் குறைவான துகள்களை எதிர்பார்க்கிறது.

மூன்றாவது, கோர்சிகா பிறந்த காஸ்கேட் அணியிலேயே நிகழ்ந்தது. 10¹⁵ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் காஸ்மிக் கதிர் வரவின் சரிவு செங்குத்தாகிறது. ‘முழங்கால்’ எனப்படும் இந்த மடிப்பு 1958இல் மாஸ்கோவில் கண்டறியப்பட்டது. அது எந்த அணுக்கருக்களால் உண்டாகிறது என்று 2005இல் காஸ்கேட் குழு ஐந்து இனக்குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. கியூஜிஎஸ்ஜெட் கொண்டு பிரித்தபோதும் சிபில் கொண்டு பிரித்தபோதும் முழங்கால் இலகுவான அணுக்கருக்களிலேயே தோன்றியது. அந்த முடிவு நிற்கிறது. ஆனால் எந்த இனம் எவ்வளவு என்னும் கேள்விக்கு இரு மாதிரிகளும் இருவேறு விடைகள் தந்தன. தரவின் எல்லாப் பகுதிகளையும் முழுமையாக விளக்க இரண்டாலும் இயலவில்லை. அதை மறைக்காமல் வெளிப்படையாக எழுதிய அக்கட்டுரை இத்துறையின் நேர்மைக்கு நல்ல சான்று.

பாவனையைச் சுற்றிச் செல்லும் வழிகள்

இத்தகைய அனுபவங்களால், முடிந்தவரை பாவனையைத் தவிர்ப்பதே அறிவு என்னும் நிலைப்பாடு வளர்ந்தது. அர்ஜென்டினாவின் மலார்குவே அருகே 3000 சதுர கிலோமீட்டரில், 1600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளோடு விரிந்திருக்கும் பியர் ஓஜே ஆய்வகம் இதன் முதன்மைப் பிரதிநிதி. சாய்வைப் பொறுத்து பொழிவு எவ்வளவு தேய்கிறது என்பதை அங்கே பாவனையிடம் கேட்பதில்லை. ஒரே ஆற்றலுடைய துகள்கள் எல்லாத் திசையிலிருந்தும் சம அளவில் வருகின்றன என்ற எடுகோளை வைத்துத் தரவிலிருந்தே எடுக்கிறார்கள். ஆற்றல் அளவுகோலை மெல்லொளித் தொலைநோக்கிகளோடு ஒருசேரப் பதிவான நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுகிறார்கள்.

கோணத் துல்லியத்துக்கு வானமே ஓர் எடைக்கல்லை வைத்திருக்கிறது. சந்திரன் தன் பின்னிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை மறைப்பதால், அந்தத் திசையில் ஒரு நிழல் விழும் என்று 1957இல் கிளார்க் எழுதினார். 1991இல் அமெரிக்காவின் சிக்னஸ் அணி அதைக் கண்டது. அரைப் பாகை அகலமுள்ள அந்த நிழல் எவ்வளவு மங்கிப் பரவித் தெரிகிறது என்பதிலிருந்து உணர்கருவியின் கூர்மையை அறியலாம். கிரேப்ஸ்-3 குழுவும் இவ்வாறு தன் அணியைச் சோதித்திருக்கிறது. புவியின் காந்தப்புலம் அந்த நிழலைச் சற்றே ஒதுக்கி வைக்கிறது. ஒதுங்கும் அளவு ஆற்றலைப் பொறுத்தது என்பதால், திபெத்தில் இயங்கிய அணிகள் அதை ஆற்றல் அளவுகோலாகவும் பயன்படுத்தின. ஆனால் இந்த வழி சில டெரா எலெக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றி மட்டுமே பயன் தரும். அதற்கு மேலே ஒதுக்கம் அளக்க முடியாத அளவு சிறுத்துவிடும்.

சுற்றிச் செல்லும் வழிகளின் பொதுவான குறை இதுதான்: அவை ஆற்றலுக்கும் திசைக்கும் உதவுகின்றன, இனத்துக்கு அவ்வளவாக உதவுவதில்லை. வந்தது புரோட்டானா இரும்பா என்று கேட்டவுடன் பாவனையின் வாசலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அண்மைக்காலத்தில் நரம்பணிக் கற்றல் முறைகள் இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. ஆனால் அவை பாவனைப் பொழிவுகளிலேயே பயில்வதால், ஆசிரியரின் பிழை மாணவருக்கும் வருகிறது. ஓஜே குழு தன் கற்றல்முறையின் விடையை மெல்லொளி அளவீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே பயன்படுத்தியது முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது.

மியூவான் புதிர்

இனத்தைச் சொல்லும் முதன்மையான சாட்சி மியூவான். ஒரே ஆற்றலில் இரும்பின் பொழிவு, புரோட்டானின் பொழிவைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் மியூவான்களைத் தருகிறது. அந்தச் சாட்சியே பாவனையோடு முரண்படுகிறது. மிகச் சாய்வான பொழிவுகளை ஆராய்ந்து 2015இல் ஓஜே குழு வெளியிட்ட ஆய்வில், 10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட்டில் அளந்த மியூவான்கள் பாவனை எதிர்பார்த்ததைவிட, மாதிரியைப் பொறுத்து, 30 முதல் 80 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. அதற்கு முன்பே அணுக்கரு மோதல் மாதிரிகளில் சில, பெரும் ஹாட்ரான் மோதுவி என்னும் முடுக்கியின் தரவைக்கொண்டு திருத்தப்பட்டுவிட்டன என்பதால் இந்த முரண் மேலும் கூர்மையானது.

விளக்கங்கள் இரண்டு வகை. முதல் வகையினர், பொழிவின் ஒவ்வொரு தலைமுறையிலும் நடுநிலைப் பையான்களுக்குச் செல்லும் ஆற்றல் சற்றே மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்கின்றனர். நடுநிலைப் பையான் உடனே ஃபோட்டான்களாகிவிடுவதால் அந்த ஆற்றல் மியூவான் பக்கம் திரும்பாது; ஒவ்வொரு தலைமுறையிலும் நேரும் சிறு பிழை, வட்டிக்கு வட்டி போலப் பெருகிப் பெரும் பற்றாக்குறை ஆகும். இரண்டாம் வகையினர் உயர் ஆற்றலில் புதிய நிகழ்வொன்றைத் தேடுகின்றனர். முதல் விளக்கமே கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது; எல்லா ஆற்றல்களிலும் எல்லா அணிகளும் ஒரே அளவு மிகுதியைக் காணவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல இன்னும் இயலாது. மோதுவியின் உணர்கருவிகள் பக்கவாட்டில் சிதறும் துகள்களை நன்கு பார்க்கின்றன. பொழிவைச் சுமந்து செல்பவையோ கற்றையின் திசையிலேயே முன்னோக்கிப் பாய்பவை. அந்தக் குறுகிய கோணம்தான் பாவனையின் இருண்ட பகுதி.

உதகையின் இரு முடிவுகள்

பாவனை எங்கே வலியது, எங்கே மெலியது என்பதை ஒரே அணியின் இரண்டு முடிவுகளில் அருகருகே காணலாம். கிரேப்ஸ்-3இன் மியூவான் தொலைநோக்கி 3712 விகிதசம எண்ணிகளால் ஆனது. ஆறு மீட்டர் நீளமுள்ள உலோகக் குழாய்கள் நான்கு அடுக்குகளாக, மேலே தடித்த கான்கிரீட்டோடு, 560 சதுர மீட்டரில் அமைந்துள்ளன. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் வரவு சில நிமிடங்களுக்குச் சற்றே குறைந்தது. மேகத்துக்குள் மின்புலத்தை வைத்துக் கோர்சிகாவை ஓட்டி, அந்தக் குறைவை உண்டாக்க 1.3 பில்லியன் வோல்ட் மின்னழுத்தம் வேண்டும் என்று குழு 2019இல் அறிவித்தது. மியூவானின் மின்காந்த இயக்கம் ஐயத்துக்கு இடமில்லாதது. முடிவின் தளர்ச்சி, மேகத்தின் உயரம், தடிமன் பற்றிய எடுகோள்களில் இருக்கிறது. அவற்றைப் பிற கருவிகளால் சோதிக்க முடியும்.

2024இல் வெளியான மற்றொரு முடிவு, 50 டெரா எலெக்ட்ரான் வோல்ட் முதல் 1.3 பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் வரை புரோட்டான்களின் வரவை அளந்து, 166 டெரா எலெக்ட்ரான் வோல்ட் அருகே சரிவு தளர்வதைக் காட்டியது. ஒரே நேர்கோடாகக் கருதப்பட்டது அப்படியில்லை என்பது முக்கியமான செய்தி. ஆனால் பதிவான நிகழ்வுகளிலிருந்து புரோட்டான்களைப் பிரித்தெடுத்தது பாவனை கணித்த மியூவான் எண்ணிக்கையின் துணையோடுதான். இந்த ஆற்றலில் மாதிரிகளிடையே முரண் குறைவு என்பதும், இப்பகுதியின் கீழ் எல்லையில் செயற்கைக்கோள் அளவீடுகளோடு ஒப்பிட வாய்ப்புண்டு என்பதும் நம்பிக்கை தருகின்றன. சீனாவின் தாவோசெங் அருகே 4410 மீட்டர் உயரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மியூவான் உணரிகளோடு இயங்கும் லாசோ அணியின் அளவீடுகள் இதே ஆற்றல் பகுதியில் சேர்வது ஒப்பீட்டை மேலும் வலுவாக்கும்.

எஞ்சி நிற்பவை

இவ்வளவையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், கருவிக்குள் நிகழ்வதைச் சொல்வதில் பாவனை பெரிதும் நம்பத்தக்கது. வளிமண்டலம் கருவிக்கு எதை அனுப்புகிறது என்பதைச் சொல்வதில் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. இரண்டுக்கும் ஒரே பிழைவரம்பை இட்டு முடிவை அச்சிடும் வழக்கம் இத்துறையில் முற்றிலும் மறையவில்லை, அது கைவிடப்படவேண்டும். ஒரே பொழிவில் எலெக்ட்ரானையும் மியூவானையும் தனித்தனியே அளக்கும் அணிகளே வருங்காலத்துக்கு உரியவை. அவற்றில் மட்டுமே பாவனை தவறினால் அந்தத் தவறு கண்ணுக்குப் புலப்படும். ஒற்றை எண்ணை மட்டும் அளக்கும் அணியில் அது அமைதியாக ஆற்றலாகவோ இனமாகவோ மாறிவிடும். ஓஜே ஆய்வகம் தன் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் சின்டிலேட்டர் பலகைகளைப் பொருத்தியிருப்பதன் நோக்கமும் இதுதான்.

முன்னோக்கிப் பாயும் துகள்களின் கணக்கும், காற்றின் அணுக்கருக்களோடு நிகழும் மோதலின் விவரமும் இன்னும் முழுதாகத் திறக்காத கதவுகள். பல பத்தாண்டுகளாக மாதிரிகள் புரோட்டான்–புரோட்டான் மோதல்களிலிருந்தும் கன உலோக மோதல்களிலிருந்தும் காற்றை ஊகித்தே வந்திருக்கின்றன. காற்றில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் ஆக்சிஜனின் அணுக்கருவோடு புரோட்டானை மோதவிடும் சோதனை பெரும் ஹாட்ரான் மோதுவியில் முதன்முறையாக 2025 ஜூலையில் நடந்தது.